மறு: ‘டிஜிட்டல் நோமட் வீசா’வுக்குத் தமிழ்ச்சொல்

> ‘எண்ணிம நாடோடி நுழைவிசைவு’ என்றே போட்டுவிடலாமே? (களுவாஞ்சிகுடி)

தம்பி,

வெளிநாட்டு வேலையை இணையவழி செய்துகொண்டு இன்னொரு நாட்டில் தங்க விடும் வீசாவுக்குத்தான் நம் சொற்பட்டியலில் பெயர் தேடுகிறோம். நாடோடி வேண்டாம். ‘டிஜிட்டல் நாடோடி’ பத்திரிகைகளில் வருகிறதுதான். ஆனால் நம் கிழக்கிலங்கைப் பக்கத்தில் அந்தச் சொல் யார்மேல் விழுகிறது என்று பாருங்கள். அக்கரைப்பற்றுக்கு அருகே அளிக்கம்பையில் தெலுங்கு பேசும் வனக்குறவர் குடும்பங்கள் ஊராகக் குடியிருந்தும், நாடோடி என்ற பெயர் அவர்களை விட்டபாடில்லை. யூரோவில் உழைப்பவருக்கு மட்டும் அதே சொல் பட்டமாகப் போவது எனக்குச் செரிக்கவில்லை.

பொருளும் ஒட்டாது. இந்த வீசா அலைவதற்கல்ல, ஒரு நாட்டில் இருப்பதற்கு. 2020 ஓகஸ்ட்டில் எஸ்தோனியா தொடங்கியபோது மூன்று விடயம் பார்த்தார்கள்: எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலையா, கொம்பனியோ வாடிக்கையாளரோ வெளிநாட்டிலா, கடந்த ஆறு மாதமும் மாதம் 3,504 யூரோ வந்ததா. தொகை பிறகு ஏறிவிட்டது. தங்கல் கூடினால் ஒரு வருடம்.

‘எண்ணிம’வும் இடறும். அதே எஸ்தோனியா 2014 முதல் ‘மின்வதிவு’ (e-Residency) என்ற இணைய அடையாள அட்டையும் கொடுக்கிறது; ‘எண்ணிம’ என்றால் இரண்டும் ஒன்றென்று தோன்றும். அதை வைத்துக் கொம்பனி பதியலாம், பத்திரத்தில் ஒப்பமிடலாம். ஓர் இரவு தங்கும் உரிமைகூட அதில் இல்லை. காசு கட்டி அட்டையை எடுத்தபின் ‘எப்ப பறக்கலாம்’ என்று கேட்கும் பொடியன்கள் நம்மூரிலும் உண்டு. குழப்பத்தை நாமே கூட்டக்கூடாது.

என் முன்மொழிவு: தொலைப்பணி வதிவிசைவு, அதாவது தொலைவிலிருந்து வேலை செய்தபடி வதிய இசைவு. ‘வெளிநாட்டுச் சம்பளம்’ என்பதையும் பெயருக்குள் திணிக்க வேண்டாம். ஸ்பெயினில் சுயதொழில் செய்பவர் தன் வேலையில் 20 வீதம் வரை உள்நாட்டுக் கொம்பனிக்கும் செய்யலாம்.

கல்லடியிலிருந்து

---

பொத்துவில் நானா எழுதியது:

சொல் நல்லாத்தான் இருக்கு தம்பி. யப்பானை எங்க வைப்பீங்க? 2024இல் தொடங்கினது. ஆறு மாதம், நீடிப்பு இல்லை, வதிவிட அட்டையும் இல்லை. வருடம் ஒரு கோடி யென் உழைச்சாலும் நம்மட பாஸ்போட்டுக்குக் கிடையாது, அது வேற கதை. தாய்லாந்தின் டிடிவி (Destination Thailand Visa) ஐந்து வருடத்துக்குச் செல்லும், ஒரு தடவைக்கு 180 நாள். தாய்ச் சமையல் படிக்கிறவருக்கும் குத்துச்சண்டை பழகிறவருக்கும் அதே வீசாதான். இதெல்லாம் வதிவா?

அறுகம்பேக்கு சீசனில வாற வெள்ளைக்காரர் காலையில அலைச்சறுக்கு, பின்னேரம் ஐரோப்பா நேரத்துக்குக் கூட்டம். அறை வாடகை கேட்க முதல் வைஃபை வேகம் கேட்பாங்க. அடுத்தது, கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்கா. அவங்கட வாயிலயும் நம்மட சனத்தின்ட வாயிலயும் இருக்கிறது ‘வீசா’. இசைவு எண்டா பொம்புளை வீட்டாரிட்ட சம்மதம் கேக்கிற மாதிரி இருக்கு.

---

நானா,

யப்பானும் தாய்லாந்தும் ‘வதிவு’க்குள் அடங்கா, சரி. ஆனால் குரோஷியா மறுபக்கம் இழுக்கிறது. 2021 முதல் அங்கே சட்டத்தில் இருப்பது வீசாவே அல்ல, தற்காலிக வதிவு; அது கிடைத்தபின் நம்மவர் நுழைவதற்கு வீசா தனியாக எடுக்க வேண்டும். 2022 ஒக்டோபரில் வந்த போர்த்துக்கல் டி8 இரண்டையும் வைத்திருக்கிறது: ஒரு வருடத்துக்கு உட்பட்ட தங்கல் ஒரு வகை, வதிவிட அனுமதிக்குக் கொண்டுபோவது மற்றது. வருமானம் அந்நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தின் நான்கு மடங்காக இருக்க வேண்டும். படிவத்தில் எந்த வகைக்குப் புள்ளடி போடுவது என்று தெரியாமல் நிற்பவருக்கு ஒரே சொல் உதவாது.

ஆகவே இரண்டாகப் பதிவோம். வெளிநாட்டு வேலையுடன் போய்த் தங்க விடுவது ‘தொலைப்பணி வீசா’. போன நாட்டில் குடியிருக்கும் உரிமை தருவது ‘தொலைப்பணி வதிவு அனுமதி’. இசைவைக் கைவிடுகிறேன், உங்கள் பொம்புளை வீட்டாருக்காக! ‘டிஜிட்டல் நாடோடி’ என்று தேடுபவர் இங்கே வந்து சேர ஒரு சுட்டு மட்டும் போதும். டிடிவிக்குத் தனிப்பதிவு.

களுவாஞ்சிகுடித் தம்பி, மறுப்பிருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். கூடவே ‘வரி வதிவு’க்கும் ஒரு இழை தொடங்குங்கள். நம் உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில், 183 நாள் நாட்டில் இருந்தவரை வரிக்காக வதிபவராகக் கொள்ளும் கணக்கில் வருகிற வதிவு வேறு. அங்கேயும் இதே சொல்லைப் போட்டால் முட்டும்.