பேய் வீடு என்று சொல்லப்படும் கார்ட்டர் வீட்டிற்குச் சிறுவனை அழைத்துப் போகலாமா?

கேள்வி

அடுத்த மாதம் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் ஒரு வாரம் தங்கவிருக்கிறோம். அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 20 மைல் தொலைவில் உள்ள ஃபிராங்க்ளின் ஊரில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவில் சிக்கிக்கொண்ட கார்ட்டர் வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் அந்த வீட்டில் பேய் நடமாடுவதாக எங்கோ படித்துவிட்ட என் பத்து வயது மகன் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். என் மனைவியோ, பேய் இருந்தால்தான் வருவேன் என்கிறார். நேரில் பார்த்தவர்கள் யாராவது, அங்கே உண்மையில் என்ன இருக்கிறது, சிறுவனுக்கு அது ஏற்ற இடமா, அரை நாள் போதுமா என்பதைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

தாராளமாக அழைத்துப் போகலாம். ஆனால் போவதற்கு முன்பே, அங்கே நடந்ததை மகனிடம் கதையாகச் சொல்லிவிடுங்கள். 1864 நவம்பர் 30 அன்று, ஹார்பெத் ஆற்றுப் பாலங்களைச் சரிசெய்யும்வரை ஃபிராங்க்ளினில் தங்க நேர்ந்த வடக்குப் படை (அமெரிக்க ஒன்றிய அரசின் படை), 1830இல் கட்டப்பட்ட இந்தச் செங்கல் வீட்டைத் தலைமையிடமாக எடுத்துக்கொண்டு, வீட்டுக்குச் சற்றுத் தெற்கே மண் அரண் எழுப்பியது. மாலை நான்கு மணி அளவில், தளபதி ஹூட்டின் தலைமையில் ஏறத்தாழ 20,000 தெற்குப் படையினர் (ஒன்றியத்திலிருந்து பிரிந்த தென் மாநிலங்களின் படையினர்) திறந்த வெளியைக் கடந்து அந்த அரண்மீது பாய்ந்தார்கள். நவம்பர் மாதமாகையால் சிறிது நேரத்திலேயே இருட்டிவிட, அதன்பின் பல மணி நேரம் துப்பாக்கி வெளிச்சத்திலேயே ஒருவரையொருவர் கொன்றார்கள். தெற்குத் தரப்பில் மட்டும் ஏறத்தாழ 1,750 பேர் மாண்டார்கள்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது வீட்டை அன்று, அதன் பக்கத்தில் நிற்கும் சிறிய மர அலுவலகத்தைத்தான். தெற்குப் பக்கச் சுவர்ப் பலகைகளை அம்மை வடு போலக் குண்டுத் துளைகள் மொய்த்திருக்கின்றன. வளாகத்துக் கட்டடங்களில் எஞ்சியுள்ள துளைகள் ஆயிரத்துக்கும் மேல். ஒரு துளையில் சுண்டுவிரலை வைத்துப் பார்க்கத் தோன்றும். வைக்காதீர்கள், பலகை அவ்வளவு பழையது.

அடுத்து நிலவறை. கார்ட்டர் குடும்பத்தாரும், மர வீட்டில் இருப்பது ஆபத்து என்று எதிர்ப்புறத்திலிருந்து ஓடிவந்த லாட்ஸ் குடும்பத்தாரும், குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர், தலைக்குமேல் போர் நடந்துகொண்டிருக்க அங்கேதான் பதுங்கியிருந்தார்கள். என் மகள் அங்கே நின்றபடி, "அழுத குழந்தையை எப்படிச் சமாளித்திருப்பார்கள்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இரண்டாம் பதில்

பேயைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே என்று நான் சொல்கிறேன். அங்கே வழங்கும் கதைகளில் முதன்மையானது, அந்த வீட்டு மகன் டாட் கார்ட்டருடையது. தெற்குப் படையில் சேர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் வீட்டைப் பார்க்காதிருந்த அந்த இளைஞர், சொந்த வீடு கண்ணுக்குத் தெரியும் தொலைவில் சுடப்பட்டு விழுந்தார்; அவரைத் தேடிக் கண்டெடுத்து வீட்டுக்குள் தூக்கிவந்தவர்கள் அவருடைய குடும்பத்தாரே. டிசம்பர் 2 அன்று, 24 வயதில், அங்கேயே உயிர் பிரிந்தது. அவர் இறந்த அறையில் கட்டிலின் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டதாகச் சொல்பவர்கள் உண்டு.

நான் கண்டது வேறு. நிலவறையில் நின்றபோது தலைக்குமேல் கனத்த காலடிகள் கேட்டு எங்கள் குழுவே உறைந்துபோயிற்று. அடுத்த குழு முன்னதாகவே உள்ளே வந்துவிட்டது என்று வழிகாட்டி சொன்னபின்தான் மூச்சு வந்தது. அந்தப் பழைய தளப் பலகைகள் ஒரு பூனை நடந்தாலும் முனகும் போலிருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. அந்தக் குடும்பத்தின் பருத்தி விவசாயம் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் உழைப்பில் நடந்தது. நான் கேட்ட பேய்க்கதைகளில் அவர்களில் ஒருவர்கூட வரவில்லை.

மூன்றாம் பதில்

அரை நாள் போதாது. சற்றுத் தள்ளியிருக்கும் கார்ன்டன் மாளிகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றிரவு அது படை மருத்துவமனை ஆயிற்று. அறுவை நடந்த மாடி அறையின் மரத்தரையில் ஊறிய இரத்தக் கறை இன்றும் போகவில்லை. சிறுவன் கலங்கக்கூடும் என்றால் அது அந்த அறையில்தான். ஆறு தளபதிகளின் உடல்களும் பின்புறத் தாழ்வாரத்தில் கிடத்தப்பட்டன என்று பலர் எழுதுகிறார்கள். அந்தப் போரில் உயிரிழந்த தெற்குத் தளபதிகள் ஆறு பேர் என்பது சரி, தாழ்வாரத்தில் கிடத்தப்பட்டவர்கள் நால்வர்தான். அருகிலுள்ள கல்லறைத் தோட்டம், அந்த மாளிகைக்கு உரிய மெக்காவக் குடும்பம் 1866இல் தன் நிலத்தைக் கொடுத்து உருவாக்கியது; ஏறத்தாழ 1,500 வீரர்கள் மாநிலவாரியாக அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள்.

பரந்த போர்க்களம் ஒன்றை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஊர் அதன்மீது வளர்ந்துவிட்டது. அந்த ஆறு பேரில் ஒருவரான தளபதி கிளிபர்ன் விழுந்த இடத்தருகே 2005 வரை ஒரு பீட்சா கடை இருந்தது. அந்த மனையை விலைக்கு வாங்கிக் கடையை இடித்த பிறகே அங்கே புல் முளைத்தது. கார்ட்டர் வீட்டு வாசலில் இன்றும் வண்டிகள் விரைந்தபடிதான் இருக்கின்றன.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நிலவறையில் குழந்தைகள் ஒளிந்திருந்த செய்தியை மகனிடம் படித்துக் காட்டினேன். பேயைப் பற்றிய பேச்சையே மறந்துவிட்டு, அவர்களுக்கு அன்றிரவு விளக்கு இருந்ததா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். கார்ட்டர் வீட்டுக்குக் காலையும், கார்ன்டனுக்குப் பிற்பகலும் ஒதுக்கியிருக்கிறோம். மாடி அறைக்கு மட்டும் நானும் மனைவியும் ஒருவர் மாற்றி ஒருவர் போய் வருவோம்.