உதவி: மொழியியல் தனியாகப் படிக்கிறேன், ஒலியனில் மாட்டிக்கொண்டேன்

கோடைமேகம்:
வணக்கம். மொழியியல் சொந்தமாகப் படிக்கத் தொடங்கினேன். ஒலியன் (சொல்லின் பொருளை வேறுபடுத்தும் ஒலி) பாடத்தோடு வண்டி நின்றுவிட்டது. எத்தனை முறை படித்தாலும் மண்டையில் ஏறவில்லை. இதை விட்டுவிட்டு வாக்கியப் பகுதிக்குப் போகலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

செம்பருத்தி:
எந்தப் புத்தகம்? தமிழா, ஆங்கிலமா? எந்த இடம் புரியவில்லை?

கருவேலன்:
புத்தகம் எதுவானால் என்ன, முதலில் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் பிறப்பியலைப் படியுங்கள். எந்த எழுத்துக்கு நாக்கு எங்கே தொடும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது.

பேராசான் (மூத்த உறுப்பினர்):
மாதம் ஒருமுறை இதே கேள்வி. தம்பி, நவீன மொழியியலின் முன்னோடி சசூர் யாரென்றே தெரியாமல் ஒலியனில் கை வைத்தால் இப்படித்தான் ஆகும். 1916இல் வந்த அவர் நூலைப் படித்துவிட்டு வரவும்.

செம்பருத்தி:
ஐயா, அவர் 1913இலேயே காலமாகிவிட்டார். மாணவர்கள் எடுத்த வகுப்புக் குறிப்புகளை வைத்து மற்றவர்கள் தொகுத்த நூல் அது. புதிதாகப் படிப்பவரை அதில் தள்ளிவிட்டால் திரும்பியே வரமாட்டார்.

கோடைமேகம்:
பழைய புத்தகக் கடையில் வாங்கியது, அட்டை இல்லை. ஆங்கிலம். உங்கள் தாய்மொழியில் ஓர் ஒலியனுக்கு மாற்றொலிகள் (இடத்துக்கேற்ப அது மாறி ஒலிக்கும் வடிவங்கள்) எழுதுக என்று பயிற்சி. தமிழில் 'க' ஒன்றுதானே? எதை எழுதுவது?

செம்பருத்தி:
இதைத்தானே முதலிலேயே கேட்டேன்! சரி, தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு அக்கா, பங்கு, மகன் மூன்றையும் மெதுவாகச் சொல்லுங்கள். 'அக்கா'வில் அதிர்வு நடுவே அறுந்து மறுபடி தொடங்கும். 'பங்கு'வில் அறுபடாது. 'மகன்' சொல்லும்போது நாக்கு அண்ணத்தை முழுதாக அடைப்பதே இல்லை, காற்று உரசிக்கொண்டு போகும். பலர் வாயில் கிட்டத்தட்ட 'ஹ' தான்.

இப்போது இடத்தைப் பாருங்கள். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் ஒன்று, மெல்லினத்துக்குப் பின் ஒன்று, இரண்டு உயிருக்கு நடுவே ஒன்று. ஒன்றின் இடத்தில் இன்னொன்று வராது. அதனால் மூன்றும் ஒரே ஒலியனின் மாற்றொலிகள். இந்தியில் அப்படி இல்லை. 'கால்' என்று அதிர்வில்லாமல் தொடங்கினால் காலம், அதிர்வோடு தொடங்கினால் கன்னம். பொருளே மாறிவிடுவதால் அங்கே அவை இரண்டு ஒலியன்கள்.

கருவேலன்:
அதனால்தான் நமக்கு இந்தியில் இருப்பதுபோல் நான்கு 'க' தேவைப்படவில்லை.

நாணல்:
அப்படியானால் 'ஐயோ பாவம்' என்பதிலும் நாட்டியக்காரர்கள் சொல்லும் பாவத்திலும் முதல் ஒலி ஒன்றா? எழுத்து ஒன்று, பொருள் வேறு, ஒலியும் வேறு. தமிழிலும் இரண்டு ஒலியன் வந்துவிட்டதே.

கருவேலன்:
கடன்சொல்லை வைத்துத் தமிழை அளக்காதீர்கள்.

நாணல்:
தினமும் பஸ்ஸில் போகிறவர் பேசுவது தமிழ் இல்லையா? இலக்கணம் ஏட்டுக்கா, வாய்க்கா?

பேராசான் (மூத்த உறுப்பினர்):
கடன்சொற்களைத் தனி அடுக்காக வைத்து ஆராய்வார்கள். அடிப்படை படித்தவர்களுக்கு இது தெரியும்.

நாணல்:
தனி அடுக்கில் வைத்தாலும் அது ஒலியன்தானே, ஐயா?

கோடைமேகம்:
விரல் வைத்துப் பார்த்தேன், பிடிபட்டது. பயிற்சி முடிந்தது. நன்றி அக்கா.

செம்பருத்தி:
வாக்கியத்துக்குத் தாவுவதற்கு முன் 'ச'வையும் ஒரு கை பாருங்கள்: பச்சை, மஞ்சள், பசி. கடைசியாக 'சட்டை'. அது ஊருக்கு ஊர் மாறும், வீட்டில் நாலு பேரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதுங்கள்.