குடியை நிறுத்த ஹிப்னோதெரபி (ஆழ்நிலை மயக்க சிகிச்சை): போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். மதுரை, வயது 41. பதினாலு வருஷக் குடி. போன வருஷம் நானாகவே ஒரேயடியாக நிறுத்தினேன். இரண்டாம் நாளே கை நடுங்கி வலிப்பு வந்துவிட்டது. தினமும் குடிப்பவர்கள் தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் அப்படி நிறுத்தாதீர்கள்.

இப்போது டாக்டர் மேற்பார்வையில் நிறுத்தி 22 நாள் ஆச்சு. குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரை, வாரம் இரண்டு ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் குழு) கூட்டம். உடம்பு தேறிவிட்டது. ஆனால் சாயங்காலம் ஆறரை மணிக்கு வேலை விட்டு வரும்போது கால் தானாக டாஸ்மாக் பக்கம் திரும்புகிறது. அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டத்தான் ஹிப்னோதெரபி. மாத்திரைக்குப் பதிலாக இல்லை, அதோடு சேர்த்து.

மதுரை, திண்டுக்கல் பக்கம் மனநல மருத்துவரோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டோ முறையாகச் செய்கிறார்களா? எத்தனை சிட்டிங் ஆச்சு, பலன் நின்றதா? ஒரே நாளில் மறக்கடிக்கிறோம் என்பவர்கள் வேண்டாம். மகள் பத்தாவது படிக்கிறாள், சீக்கிரம் சொல்லுங்கள்.