'வலைதாங்கு இன்வேட்டர்': ஒரு சொல் முன்மொழிவு

அன்புடையீர்,

சோலார் தகடும் மின்கலமும் தரும் நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றும் கருவி இன்வேட்டர். அதில் ஒரு வகையான 'கிரிட் ஃபோமிங் இன்வேட்டர்' (grid-forming inverter) என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக நண்பர் ஒருவர் முன்வைத்த 'வலை உருவாக்கி' என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. அக்கருவி தூணையும் கம்பியையும் உருவாக்குவதில்லை. மின்வலைக்கு, அதாவது ஊரெங்கும் மின் கொண்டுசெல்லும் கம்பித் தொகுதிக்கு, வேண்டிய வோல்ற்றளவையும் மீடிறனையும் (தமிழகத்தார் அதிர்வெண் என்பர்) தானே நிறுவிப் பேணுகிறது.

யாழ்ப்பாணத்தில் கூரையில் சோலார் பூட்டிய வீட்டார் பலருக்கு இது பழகிய குறை: உச்சி வெயில் எரிக்கும்போதே கரண்ட் நின்றால் கூரையின் உற்பத்தியும் நின்றுவிடுகிறது. வழமையான இன்வேட்டர், வலையில் ஏற்கெனவே ஓடும் 50 ஹேர்ட்ஸ் அலையை அறிந்து அதனோடு இசைந்தே மின்னைச் செலுத்தும். அலை அற்றதும், கம்பியில் வேலை செய்வோரின் உயிர்ப் பாதுகாப்புக் கருதி, விலகிக்கொள்ளும். கோயில் மேளத்தில் நாதஸ்வரக்காரர், ஒரே சுருதியை விடாது ஒலிக்கும் துணைக்குழலான ஒத்தைப் பின்பற்றி வாசிப்பதற்கு இதை ஒப்பிடலாம். நாம் பெயர் தேடுவது அந்த ஒத்துக்கு. 'சுருதிதரு' என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அது மீடிறனை மட்டுமே சுட்டும், வோல்ற்றளவு விடுபட்டுவிடும்.

இச்சொல் எமக்கு உடனே வேண்டும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்தில் நேர்ந்த கோளாறு நாடு முழுவதையும் மின்னிழக்கச் செய்தபோது, வலையில் சூரிய மின்னின் பங்கு மிகுந்தும், சுழலும் பெரிய பிறப்பாக்கிகள் (ஜெனரேற்றர்கள்) தரும் சடத்துவம், அதாவது மீடிறன் சட்டென மாறாமல் தடுக்கும் தன்மை, குறைந்தும் இருந்தது. அக்குறையை ஈடுசெய்ய உதவக்கூடியது இக்கருவி. டீசலை நம்பியிருக்கும் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குத் திட்டமிடப்பட்ட காற்று, சூரிய, மின்கலக் கலப்புத் தொகுதிகளிலும், டீசல் பொறியை அணைத்துவிட்டு ஊருக்கு மின் கொடுக்க வேண்டுமானால் இக்கருவியே அலையை எழுப்ப வேண்டும்.

'வலைநிறுத்தி' என்ற மற்றைய முன்மொழிவு ஆபத்தானது. நிலைநிறுத்துவது என்ற பொருளில் ஆக்கினாலும், இயக்குநர் ஒருவர் அதை வலையை நிறுத்தும் ஆளி (சுவிட்ச்) என்றே வாசிப்பார். ஆகவே 'வலைதாங்கு இன்வேட்டர்' என்பதையும், வழமையானதற்கு 'வலைதொடர் இன்வேட்டர்' என்பதையும் இணையாக முன்மொழிகிறேன். இடிதாங்கியும் சுமைதாங்கியும் நம் நாவில் உள்ளவை. 'வலைதாங்கி' என்று முடித்தால் நீர்த்தாங்கியைப்போலக் கொள்கலன் என்ற மயக்கம் இங்கு எழும். அதனாலேயே 'தாங்கு' என வினையடியாக விட்டேன். 'இன்வேட்டர்' கடைக்காரர் முதல் மின்னிணைப்பாளர் வரை எல்லாரும் வழங்கும் சொல். அதை மாற்ற வேண்டியதில்லை.