சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து: எதை ஐதாக்குவது, எப்படிச் சரிபார்ப்பது?

உவர்மலைத் தாதி (கேள்வி)
வணக்கம். திருகோணமலையில் எங்கள் தியேட்டரில் சின்னப் பிள்ளைகளின் ஹேர்னியா, டொன்சில் லிஸ்ட் கூடப்போகிறது. பெரியவர்களுக்கு எடுக்கும் அதே அம்பியூலில்தான் (மருந்துள்ள சின்னக் கண்ணாடிக் குப்பி) 8 கிலோ பிள்ளைக்கும் எடுக்கிறோம். எவற்றை ஐதாக்க வேண்டும்? இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்து வைத்தால் போதுமா?

உப்புவெளி_மயக்கவியல்
முதலில் நிறை. கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து மாற்றிவரும் பிள்ளையின் கடிதத்தில் இருப்பது கிளினிக் கார்டில் பார்த்து எழுதிய பழைய நிறையாக இருக்கலாம். அன்று காலை தராசில் நிறுத்து, கிலோவில், பீஎச்டி (BHT, நோயாளியின் வார்ட்டுக் குறிப்பேடு) முன்பக்கத்தில் எழுதுங்கள். (வயது + 4) × 2 என்ற கணக்கு, நிறுக்க நேரமில்லாத அவசரத்துக்கு மட்டும்.

ஃபென்டனில் (ஓப்பியோயிட் வகை வலிநீக்கி) ஒரு மில்லிலீட்டரில் 50 மைக்ரோகிராம். கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்றால் 8 கிலோவுக்கு 0.16 மில்லிலீட்டர். புள்ளி ஓரிடம் தள்ளினால் 1.6, பத்து மடங்கு. அதனால் 2 மில்லிலீட்டர் அம்பியூலை சேலைன் விட்டு 10 ஆக்குங்கள். மில்லிலீட்டருக்கு 10 மைக்ரோகிராம், பிள்ளைக்கு 0.8 மில்லிலீட்டர். ஆனால் அந்த 10 மில்லிலீட்டர் சிரிஞ்சில் இந்தப் பிள்ளைக்குரியதைப்போல பன்னிரண்டு மடங்குக்கு மேல் மருந்து கிடக்கிறது. பிள்ளையின் அளவைச் சின்ன சிரிஞ்சுக்கு மாற்றிவிட்டு, பெரியதை அந்தத் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தசைத் தளர்த்தியான சக்ஸமெத்தோனியம் 100 மில்லிகிராமை 10 மில்லிலீட்டராக்கி, கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் 1.6 மில்லிலீட்டர். இதயத் துடிப்பு குறைந்தால் கொடுக்கும் அட்ரோபின் 0.6 மில்லிகிராமை 6 மில்லிலீட்டராக்கி, கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்று கணக்கிட்டால் அதுவும் 1.6! இரண்டும் நிறமற்றவை. லேபல் இல்லாவிட்டால் எது எதென்று கோணேசருக்கே வெளிச்சம்.

ஐதாக்கத் தேவையில்லாவிட்டாலும் பயப்பட வேண்டியது நாளத்தில் ஏற்றும் பரசிட்டமோல். மில்லிலீட்டருக்கு 10 மில்லிகிராம். 10 கிலோவுக்குக் குறைந்தால் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம், 8 கிலோவுக்கு 60 மில்லிகிராம், அதாவது 6 மில்லிலீட்டர். "60" என்று மட்டும் எழுதினால் யாரோ 60 மில்லிலீட்டர் விடுவார்கள். இந்த வயதில் போத்தலைத் தொங்கவிடவே வேண்டாம், சிரிஞ்சில் எடுத்துக் கொடுங்கள்.

நிலாவெளி 77
கையெழுத்து பற்றி: முதலாமவர் "0.8, சரிதானே?" என்று கேட்டு மற்றவர் தலையாட்டுவது சரிபார்ப்பே அல்ல. இரண்டாமவர் விடையைப் பார்க்காமல் நிறையிலிருந்து தானே கணக்கிட்டு, அம்பியூலைக் கையில் எடுத்து வாசிக்க வேண்டும். ஒவ்வொரு சப்ளைக்கும் கம்பனி மாறலாம், பெட்டியின் நிறத்தை நம்ப முடியாது.

ஒரு நேரத்தில் ஒரு மருந்து. எடுத்த கையோடு லேபல். பெயர் மட்டும் போதாது, மில்லிலீட்டருக்கு எவ்வளவு என்பதும் வேண்டும். தசைத் தளர்த்திக்குச் சிவப்பு, ஓப்பியோயிட்டுக்கு நீலம், அட்ரோபினுக்குப் பச்சை. ஃப்ரிஜ்ஜிலிருந்து வரும் சக்ஸமெத்தோனியம் நம் கடற்கரை ஈரப்பதத்தில் வியர்க்கும். அம்பியூலைத் துடைத்துவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் ஈரக் கையில் லேபல் மை கரையும்.

0.5 என்று எழுதுங்கள், .5 வேண்டாம். 5.0 அறவே வேண்டாம். மைக்ரோகிராமை முழுச்சொல்லாக எழுதுங்கள். அவசரக் கையெழுத்தில் அதன் குறியீடு மில்லிகிராம் போலத் தெரிந்தால் ஆயிரம் மடங்கு.

உவர்மலைத் தாதி
நன்றி டொக்டர், நன்றி 77. ஹேர்னியாவுக்கு கோடலும் (முதுகின் அடியில் போடும் விறைப்பு ஊசி) போட்டு, சர்ஜனும் காயத்தில் விறைப்பு ஊசி போட்டால்?

உப்புவெளி_மயக்கவியல்
இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரம்பு. விறைப்பு மருந்தான பியூபிவக்கெயின் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம்; 0.25% என்றால் 8 கிலோவுக்கு மொத்தம் 8 மில்லிலீட்டர். கோடலுக்கு 4 போனால் சர்ஜனுக்கு மிச்சம் 4. வெள்ளைப் பலகையில் எழுதி, கத்தி வைக்க முன் சத்தமாகச் சொல்லுங்கள். மேசையில் 0.5% இருந்தால் இந்த அளவுகள் எல்லாம் பாதியாகும்.

சாம்பல்தீவு_ரிக்கவரி
யாரும் சொல்லாத ஒன்று: கனூலாவிலும் (நாளத்தில் ஏற்றிய குழாய்) த்ரீ-வேயிலும் (அதில் பொருத்தும் மூவழித் திருகி) தங்கும் மருந்து மிச்சம். பெரியவருக்கு அது ஒன்றுமில்லை. கைக்குழந்தைக்கு அந்தத் துளித் தசைத் தளர்த்தியே, வார்ட்டில் அன்டிபயோட்டிக் தள்ளும்போது உள்ளே போய் மூச்சை நிறுத்தப் போதும். தியேட்டரை விட்டு வெளிக்கிட முன் ஒவ்வொரு வாயிலையும் சேலைனால் கழுவி, "கழுவியாயிற்று" என்று ரிக்கவரிக்கு ஒப்படைக்கும்போது சொல்லுங்கள். அந்த சேலைன் சிரிஞ்சுக்கும் லேபல் வேண்டும்.