முத்துக்குழிவயல் காட்டுக்குள் நடந்தவங்க இருக்கீங்களா?

நாகர்கோவிலில் இருந்து நாங்க ஆறு பேர். மேல் கோதையாறு தாண்டி முத்துக்குழிவயல் சோலைக்காட்டில் ஒருநாள் நடக்க ஆசை. அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, தெரியும். மனு யாரிடம் கொடுக்கணும்? காட்டை அறிந்த காணிக்காரர் (இந்த மலையின் பழங்குடி) ஒருவரை வழிகாட்டியாக வனத்துறையே அனுப்புமா?

நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, அதனால் ஜனவரி கடைசி சரியா இருக்குமா?

அப்புறம் ரத்தம் உறிஞ்சும் அட்டை. போன வருஷம் காளிகேசத்தில் சாக்ஸைக் கழற்றினால், விரலிடுக்கில் கறுப்புத் திராட்சை மாதிரி ஒண்ணு உப்பிக் கிடந்தது. வலியே இல்லை. பிய்த்துப் போட்ட பிறகும் ரத்தம் நிற்கவில்லை. உறையவிடாத பொருள் அதன் எச்சிலில் இருக்காம். உப்பா, மூக்குப்பொடியா, எது கேட்கும்? அறுபது தாண்டிய அத்தையும் வர்றாங்க, அவங்களுக்கு அட்டை பயம் கிடையாது, எனக்குத்தான்.