மூக்குச் சதைக்கு இரண்டு ஆபரேஷன் ஆகியும் திரும்ப வந்துவிட்டது. இப்போது ஆஸ்பிரினையே மருந்தாகத் தரலாம் என்கிறார்கள். யாருக்காவது அனுபவம் உண்டா?

பலகாரக்காரி (கோட்டையூர்):
வணக்கம். வயது 43. வீட்டிலேயே சீப்புச் சீடை, தேன்குழல், மாவுருண்டை போட்டு விற்கிறேன். எட்டு வருடமாக வீசிங். மூக்கில் சதை வளர்ந்து இரண்டு முறை ஆபரேஷன் செய்தாயிற்று. இரண்டாவது முடிந்து ஒன்றரை வருடத்தில் மறுபடி அடைத்துக்கொண்டது. வாசனை சுத்தமாகப் போய்விட்டது. கல்பாசியைக் கசக்கி மூக்கில் வைத்தாலும் ஒன்றும் தெரியவில்லை. போன வாரம் எண்ணெய் காறியது தெரியாமல் ஒரு தூக்குத் தேன்குழல் சுட்டுக் கொடுத்து, வாங்கினவர் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்.

தீபாவளிச் சமயம் இடுப்பு வலிக்கு ஒரு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் மூக்கு ஒழுகி, முகம் சிவந்து, மூச்சு முட்டி, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அட்டையில் அசெக்ளோஃபெனாக் என்று இருந்தது, ஆஸ்பிரின் வகை வலி மருந்தாம். இப்போது பார்க்கும் டாக்டர், இன்னொரு ஆபரேஷன் செய்து ஒரு மாதம் போல் கழித்து ஆஸ்பிரினுக்கு உடம்பைப் பழக்கலாம் என்கிறார். என்னைச் சாகக் கிடத்திய வகை மாத்திரையைத் தினமும் விழுங்குவதா?

வேரும்தழையும்:
ஆபரேஷன் எல்லாம் வேண்டாம். கருஞ்சீரக ஆவி பிடியுங்கள், நாற்பது நாளில் சதை கரைந்துவிடும்.

தேவகோட்டை அண்ணன்:
தம்பி, ஆவி பிடித்தால் சளி இளகும், சதை கரையாது. நானும் ஒரு வருடம் பிடித்துப் பார்த்தவன்தான்.

தங்கச்சி, எனக்கும் இதே கதை. வீசிங், மூக்குச் சதை, வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாமை மூன்றும் சேர்ந்தால் அது தனி நோய். விருந்தில் ஒரு கிளாஸ் பீர் குடித்தாலே எனக்கு மூக்கு அடைக்கும். அதுவும் இந்த நோயில் பலருக்கு உண்டு என்று பிறகுதான் தெரிந்தது.

ஆபரேஷன் இருக்கிற சதையை எடுக்கும், வளர்கிற குணத்தை எடுக்காது. ஆஸ்பிரின் நேர் எதிர்: பெரிதாக வளர்ந்துவிட்டதைக் கரைக்காது, புதிதாக வளர்வதைத்தான் மட்டுப்படுத்தும். அதனால்தான் முதலில் கத்தி, பிறகு மாத்திரை. முன்பு உங்களுக்குப் பாதி வைத்தியம்தான் நடந்திருக்கிறது.

பழக்குவதை வீட்டில் செய்யவே கூடாது. என்னை ஆஸ்பத்திரியில் உட்காரவைத்து, ஊசி, நெபுலைசர் எல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு 40 மி.கி. கொடுத்தார்கள். மூன்று மணி நேரம் ஒன்றுமில்லை. 80 கொடுத்த ஒரு மணி நேரத்தில் மூக்கு குழாய் திறந்த மாதிரி ஒழுகியது, கண் சிவந்தது, நெஞ்சில் விசில். நெபுலைசர் வைத்து அடங்கியதும் மறுபடி அதே 80. இந்த முறை சத்தமே இல்லை! மறுநாள் 325 வரை போனோம். அப்புறம் பல மாதம் காலை 650, இரவு 650, சாப்பாட்டோடு. இப்போது பாதி.

மெடிக்கல் ராசா (புதுவயல்):
நான் மருந்தாளுநர். காரணம் சுருக்கமாக: இந்த நோய்க்காரர்கள் உடம்பில் லூக்கோட்ரைன் என்ற பொருள் ஏற்கெனவே அதிகம். அதற்குப் பிரேக் போடும் புரோஸ்டாகிளாண்டினை ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் எல்லாம் குறைத்துவிடும். பிரேக் போனதும் மூச்சுக்குழாய் சுருங்குகிறது. பிரான்சில் விடால் என்ற டாக்டர் 1922லேயே இந்த நோயைப் பற்றி எழுதிவைத்தார். 1968ல் சாம்ட்டர் என்ற டாக்டர் விரிவாக எழுதியதால் நோய்க்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது.

அக்கா, 'உடம்பு வலிக்கு ஊசி' என்றால் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்தான், கேட்டுவிட்டுப் போடுங்கள். 500 மி.கி. பாராசிட்டமால் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும், 1000 சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. 'பாராசிட்டமால்தான்' என்று கொடுக்கும் அட்டையில் அசெக்ளோஃபெனாக்கும் கலந்திருக்கும், பின்பக்கம் படியுங்கள். எங்கள் ஆட்களே பாதிப் பேர் படிப்பதில்லை.

பலகாரக்காரி (கோட்டையூர்):
நன்றி. அண்ணே, வாசனை திரும்பியதா? ஒரு நாள் மாத்திரை மறந்தால் என்ன ஆகும்?

தேவகோட்டை அண்ணன்:
வாசனை முழுதாக வரவில்லை. அடுப்பில் பால் தீய்ந்தால் முகப்பில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிகிறது, ரோஜாப்பூ இன்னும் தெரியவில்லை. உப்புத் தண்ணீரில் புடசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கலந்து தினமும் மூக்கைக் கழுவுகிறேன், அதை நிறுத்தவில்லை. ஒரு நாள் பரவாயில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போய் மாத்திரை டப்பாவை வீட்டில் விட்டுவிட்டேன், மூன்று நாள். பழகியது போய்விட்டது, முதலிலிருந்து ஆஸ்பத்திரி. இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் டாக்டரைக் கேட்காமல் பழைய அளவைத் தொடாதீர்கள்.

மெடிக்கல் ராசா (புதுவயல்):
வயிற்றுப்புண், ரத்தக்கசிவு, கர்ப்பம் இருந்தால் இது வேண்டாம் என்பார்கள். அக்கா, வயிறு எப்படி?

பலகாரக்காரி (கோட்டையூர்):
அதைத்தான் டாக்டர் இன்று கேட்டார். இரண்டு வருடத்துக்கு முன் அல்சர் இருந்தது என்றேன். எண்டோஸ்கோபி பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷன் தேதி என்கிறார். ஆஸ்பிரின் முடியாவிட்டால் டுபிலுமாப் ஊசி இருக்கிறதாம். விலையைக் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருந்தேன். செவ்வாய்க்கிழமை எண்டோஸ்கோபி. வந்து எழுதுகிறேன்.